தெளிநீரின் விலை: புரதப் பொடி வாணிபத்தின் செலவும் இலாபமும் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

1

பண்டங்களின் வரலாறு எழுதப்பட்ட அளவிற்கு அவற்றின் விலைகளின் வரலாறு எழுதப்படவில்லை. தேயிலை எங்கிருந்து வந்தது, சீனி எவ்வாறு பரவியது என்பன பற்றி நூல்கள் பல உள. ஆயின், ஒரு பண்டத்திற்கு இன்ன விலை என எவர், எக்காலத்தில், எவ்வுரிமை கொண்டு வகுத்தனர் என்ற வினா பெரும்பாலும் பொருளியலாளரின் வாய்பாடுகளுக்குள் ஒதுங்கிவிடுகின்றது. அவ்வாய்பாடுகள் வரலாற்றைத் தம்முள் ஏற்பதில்லை. இக்கட்டுரை அத்தகைய ஒரு பண்டத்தை எடுத்துக்கொள்கின்றது. புரதப் பொடி என இன்று வழங்கும் அப்பண்டம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மருந்துக்கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் பெரிய பேணிகளில் அடுக்கப்பட்டிருப்பதைக் காணாதவர் இலர்.

பேணியினுள் கிடக்கும் கரண்டியால் ஒருமுறை அள்ளும் பொடி ஏறத்தாழ 30 கிராம். அதில் புரதம் 24 கிராம் அளவில் இருக்கும் என்பது பல பேணிகளின் மேல் அச்சிடப்பட்ட கூற்று. 100 கிராம் மைசூர்ப் பருப்பிலும் ஏறத்தாழ அதே அளவு புரதம் உண்டு. இரண்டும் ஒன்றே என எவரும் வாதிடார். பாற்புரதத்தின் அமினோவமிலக் கூட்டு பருப்பினதைவிட நிறைவானது என்பதும், பருப்பின் குறையைச் சோறு பெருமளவு ஈடுசெய்கின்றது என்பதும் உணவியல் மாணவர் அறிந்தவையே. ஆனால் தரத்திலுள்ள இவ்வேறுபாட்டினால் மட்டும் விளக்க முடியாத அளவிற்கு விலை வேறுபாடு பெரிதாக உள்ளது. விற்போன் பேராசை கொண்டவன் என்பது வாங்குவோர் கூறும் விளக்கம். தொழினுட்பம் செலவு மிக்கது என்பது விற்போர் கூறும் விளக்கம். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டிலும் வரலாறு இல்லை.

அடர்த்தியாக்கிய ஊட்டப் பண்டங்களின் கடந்த ஏறத்தாழ 160 ஆண்டு வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை திரும்பத் திரும்ப வெளிப்படுகின்றது. இப்பண்டத்தின் மூலப்பொருள் பெரும்பாலும் வேறொரு கைத்தொழிலின் எச்சமாகவே இருந்து வந்துள்ளது. அவ்வெச்சத்திற்கு விலை கற்பித்தது அதனை ஆக்கும் செலவு அன்று. மனித உடலின் வலிமை பற்றிய ஒரு கருத்தும், அக்கருத்தின் மீது எழுப்பப்பட்ட வர்த்தக நாமமும், அந்நாமத்தின் விலையைக் காக்க முயன்ற சட்டமுமே அதனைச் செய்தன. இவற்றுள் கருத்தே முந்தியது. ஆதலின் அதிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

2

'புரொத்தீன்' என்னும் சொல் 1838 இல் ஒல்லாந்து இரசாயனவியலாளர் ஜெரார்டஸ் முல்டரால் அச்சில் வழங்கப்பட்டது. சொல்லை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்சீலியஸ். முதலிடம் வகிப்பது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அது. ஆகவே பெயரிலேயே ஒரு மதிப்பீடு அடங்கியிருந்தது எனலாம். 1842 இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஜஸ்டஸ் வொன் லீபிக் அதனை ஒரு கொள்கையாகவே விரித்தார். தசை உழைக்குங்கால் எரிவது தசையின் புரதமே. ஆதலின் உழைப்பாளி இழந்ததை இறைச்சியால் மீட்க வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம். ஆலைகள் பெருகிய ஐரோப்பாவில், உழைப்பின் ஆற்றலே சரக்காக மாறிக்கொண்டிருந்த காலத்தில், இக்கொள்கை விரைவில் செல்வாக்குப் பெற்றமை வியப்பன்று.

ஆனால் ஐரோப்பியத் தொழிலாளிக்கு இறைச்சி எட்டாத விலையில் இருந்தது. அதே வேளையில் தென் அமெரிக்காவின் பிளேற் நதிப் புல்வெளிகளில் மாடுகள் தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் கொல்லப்பட, இறைச்சியில் பெரும்பகுதி வீணாயிற்று. இவ்விரு நிலைமைகளையும் இணைத்து இலாபம் காணலாம் என்று கண்டவர் கீபேட் என்னும் பொறியியலாளர். லீபிக்கின் பெயரைத் தாங்கிய இறைச்சிச்சாற்றுக் கம்பனி 1865 இல் இலண்டனில் நிறுவப்பட்டது. அதன் ஆலை உருகுவேயின் பிரே பென்டோஸ் நகரில் இயங்கியது. ஒரு கிலோ சாற்றுக்கு முப்பது கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சி தேவைப்பட்டது என்பது கம்பனியே பெருமையுடன் கூறிய கணக்கு. வாங்குவோர் அதனை 'முப்பது கிலோ இறைச்சியின் வலிமை ஒரு சிறு சாடியில்' என விளங்கிக்கொண்டனர்.

உண்மை நிலை வேறு. இறைச்சியை நீரில் காய்ச்சி, கொழுப்பையும் நாரையும் நீக்கி, நீரை வற்றச் செய்து பெற்ற அச்சாற்றில் உப்புகளும் சுவைப்பொருள்களும் இருந்தன. புரதத்தின் பெரும்பகுதி கழித்த நாரிலேயே தங்கிவிட்டது. மருத்துவர்கள் இதனைச் சுட்டியபோது லீபிக் தம் கூற்றைத் தளர்த்தி, சாறு தேநீரைப் போல் ஊக்கம் தருவது என்ற நிலைக்கு இறங்கினார். இதற்கிடையில் 1865 இல் அடொல்ப் பிக், விஸ்லிசேனஸ் என்னும் இருவர் சுவிற்சலாந்தின் பவுல்ஹோர்ண் மலைமீது ஏறி, தம் சிறுநீரிலுள்ள நைதரசனை அளந்து, மலையேற்றத்திற்குச் செலவான ஆற்றலைப் புரதம் மட்டும் தந்திருக்க இயலாது எனக் காட்டினர். லீபிக்கின் கொள்கை தளர்ந்தது. சாற்றின் வாணிபம் தளரவில்லை. கழித்த இறைச்சி நார் பின்னாளில் மாவாக்கப்பட்டுக் கால்நடைத் தீவனமாக விற்கப்பட்டது என்பதையும் இங்கு குறித்துக்கொள்ளல் வேண்டும். புரதம் பன்றிக்குத் தீவன விலையிலும், புரதம் நீங்கிய சாறு நோயாளிக்கு மருந்து விலையிலும் விற்ற ஒரு காலம் அது.

3

அடுத்த எச்சம் பாலிலிருந்து வந்தது. 1878 இல் சுவீடனைச் சேர்ந்த குஸ்டாவ் டி லவால் சுழற்சி முறையில் பாலாடையைப் பிரிக்கும் பொறியை அமைத்தார். வெண்ணெய்த் தொழில் விரிந்தது. அதனுடன் ஆடை நீக்கிய பால் பெருவெள்ளமாய்ப் பெருகிற்று. அதைப் பன்றிகளுக்கு ஊற்றினர். அதன் கேசீனைத் திரட்டிப் பசையும் பொத்தான்களும் செய்தனர். பொத்தானாகும் கேசீன் ஏன் உணவாகக் கூடாது என்ற வினா எழுந்தமை இயல்பே. பிளாஸ்மன் என்னும் பாற்புரதப் பொடி அவ்வாறு பிறந்தவற்றுள் ஒன்று. அதன் அமெரிக்கக் கம்பனியில் பணம் போட்டு இழந்தவர்களுள் எழுத்தாளர் மார்க் ட்வெயினும் ஒருவர். புரதத்தில் எல்லோரும் இலாபம் கண்டனர் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன்.

பேர்லினைச் சேர்ந்த பௌவர் கம்பனியின் சனற்றோஜன் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. 1898 இல் ஆக்கவுரிமை பெற்ற அப்பொடியில் நூற்றுக்கு 95 வீதம் கேசீன். எஞ்சிய 5 வீதம் சோடியம் கிளிசரோபொசுபேற்று. நரம்புத் தளர்ச்சிக்கு உற்ற துணை என அது விளம்பரப்படுத்தப்பட்டது. தசையின் உணவாக இருந்த புரதம் இப்போது நரம்பின் உணவாயிற்று. வாங்குவோனும் ஆலைத் தொழிலாளியிலிருந்து அலுவலக மேசையில் களைத்த நடுத்தர வகுப்பினனாக மாறினான். காலனித்துவ இந்தியாவின் பத்திரிகைகளிலும் இவ்விளம்பரங்கள் இடம்பெற்றன.

ஐக்கிய அமெரிக்காவில் சனற்றோஜன் பொதி ஒன்றின் விலை ஒரு டொலர். இது வழக்கமான விலை அன்று, கட்டாய விலை. ஒரு டொலருக்குக் குறைவாக இதனை விற்பது ஆக்கவுரிமையை மீறுவதாகும் என்ற அறிவித்தல் ஒவ்வொரு பொதியிலும் ஒட்டப்பட்டிருந்தது. வொஷிங்ரன் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஓ'டொனெல் என்பவர், தாம் மொத்த வியாபாரிகளிடம் பணம் கொடுத்து வாங்கிய பொதிகளை ஒரு டொலரிலும் குறைத்து விற்றார். கம்பனி வழக்குத் தொடுத்தது. 1913 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற சிறு பெரும்பான்மையால் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆக்கவுரிமை பொருளை ஆக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் தனியுரிமை தருவது. முழு விலையும் பெற்று ஒருமுறை விற்றுவிட்ட பின் அடுத்தவன் எவ்விலைக்கு விற்பான் என்பதை விதிக்கும் உரிமை அதனுள் அடங்காது என்பது தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கு சட்ட மாணவருக்கு மட்டும் உரியதன்று. செலவு கூடியதால் விலை கூடியது என்பது உண்மையாயின் கம்பனிக்கு இத்தகைய அறிவித்தல் தேவைப்பட்டிராது. ஓ'டொனெல் கம்பனியின் செலவை ஒரு சதமேனும் கூட்டவில்லை. கம்பனி தன் விலையை அவரிடம் முன்னரே பெற்றுவிட்டது. அவர் குறைத்தது தம் பங்கு இலாபத்தை மட்டுமே. ஆயினும் அது கம்பனிக்கு அச்சமூட்டியது. ஏனெனில் ஒரு டொலர் என்ற எண்ணே பொடியின் மகிமைக்குச் சான்றாக இருந்தது. மலிவாகக் கிடைக்கும் நரம்பு மருந்தில் எவருக்கும் நம்பிக்கை பிறவாது. விலை இங்கு செலவின் விளைவாக அன்றி, விளம்பரத்தின் ஓர் உறுப்பாகவே தொழிற்பட்டது.

அக்காலத்தில் இதனை வெளிப்படுத்த முயன்றோரும் இருந்தனர். பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1909 இல் வெளியிட்ட இரகசிய மருந்துகள் பற்றிய நூல், ஒவ்வொரு மருந்தின் விற்பனை விலையையும் அதிலுள்ள பொருள்களின் அடக்கவிலையையும் அருகருகே அச்சிட்டது. சந்தைப் பண்டமொன்றின் இலாப வீதத்தை வாசகனின் கண்முன் வைத்த அம்முறை இன்றைய ஆய்வாளருக்கும் வழிகாட்டத்தக்கது. அமெரிக்க மருத்துவச் சங்கமோ, ஒரு டொலருக்கு வாங்கும் கோதுமை மா தரும் ஆற்றல், ஒரு டொலருக்கு வாங்கும் சனற்றோஜன் தரும் ஆற்றலைப் போல் 197 மடங்கு எனக் கணக்கிட்டது. இது முற்றிலும் நேர்மையான ஒப்பீடு அன்று. கேசீனை எவரும் ஆற்றலுக்காக வாங்குவதில்லை. புரதத்தைப் புரதத்துடன் ஒப்பிட்டிருப்பின் மடங்கு குறைந்திருக்கும், குற்றச்சாட்டு வலுப்பெற்றிருக்கும்.

எவ்வளவு புரதம் தேவை என்ற வினாவும் அப்போதே எழுந்தது. உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு 118 கிராம் என்ற கார்ல் வொயிற்றின் அளவு ஜேர்மனியில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் றஸல் சிற்றென்டன் 1904 இல் வெளியிட்ட ஆய்வில், படைவீரரும் விளையாட்டு வீரரும் தம் உடன் ஆசிரியரும் அதன் பாதியளவில் நலமுடன் இருந்ததைக் காட்டினார். வொயிற்றின் அளவு, நன்றாக உண்ட மனிதர் உண்டதை அளந்து பெற்றது. அதாவது வழக்கத்தைத் தேவையாகக் கொண்ட அளவு. விற்பனையாளருக்கு எவ்வளவு உகந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

4

இரண்டாம் உலகப்போரின் பின் காட்சி மாறியது. கோல்ட் கோஸ்ற் நாட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1933 இல் விவரித்து, 1935 இல் குவாசியோக்கர் என்ற உள்ளூர்ப் பெயருடன் அறிமுகப்படுத்திய குழந்தை நோயை, 1950 களில் ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் புரதக் குறைவின் விளைவாகவே நோக்கின. 1955 இல் புரத ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. 1968 இல் வெளியான ஐக்கிய நாடுகளின் அறிக்கையொன்று நெருங்கிவரும் புரத நெருக்கடியைத் தடுக்கச் சர்வதேச நடவடிக்கை கோரியது. மத்திய அமெரிக்காவில் சோளமும் பருத்திவிதை மாவும் கலந்த இன்கபரினா உருவாயிற்று. மீன் மாவைச் செறிவாக்கும் திட்டங்கள் எழுந்தன. பிரேசிலில் சாசி, கயானாவில் பியூமா என்ற பெயர்களில் பன்னாட்டுக் கம்பனிகள் புரதப் பானங்களையும் சந்தைக்குக் கொணர்ந்தன.

இவற்றுட் பல எதிர்பார்த்த வெற்றி பெறவில்லை. காரணம் விலையின் கட்டமைப்பிலேயே இருந்தது. மலிந்த மூலப்பொருளுடன் போத்தலும் உறையும் போக்குவரத்தும் விளம்பரமும் முகவரின் பங்கும் சேர்ந்தபோது, எக்குழந்தைக்காக அது ஆக்கப்பட்டதோ அக்குழந்தையின் வீட்டிற்கு அது எட்டாப் பொருளாயிற்று. வாங்க வல்லோர்க்குத் தேவையில்லை. தேவையுள்ளோர்க்கு வாங்க வலியில்லை. இந்தியாவில் சுகாத்மேயும் கோபாலனும், குழந்தைகள் உண்ணும் உணவின் மொத்த அளவே போதாதது என்றும், உணவு போதுமாயின் தானியமும் பருப்பும் தரும் புரதமும் பெரும்பாலும் போதும் என்றும் வாதிட்டு வந்தனர். டொனால்ட் மக்லாறன் 1974 இல் லான்செற் இதழில் எழுதிய கட்டுரை புரத இயக்கம் முழுவதையும் ஒரு பெருந்தோல்வி எனச் சாடியது. 1977 இல் ஆலோசனைக் குழு கலைக்கப்பட்டது. குறைபாட்டின் பெயர் புரதமாக இருந்தபோது அதனைப் பேணியில் அடைத்து விற்கலாம் என்ற எண்ணத்திற்கு இடமிருந்தது. அதன் பெயர் வறுமை என்றானபோது விற்பதற்கு எதுவும் எஞ்சவில்லை.

இலங்கையின் திரிபோஷ இவ்வியக்கத்தின் காலத்திலேயே, 1973 இல், கெயார் நிறுவனத்தின் உதவியுடன் தொடங்கப்பட்டது. ஆயின் அது ஒரு முக்கிய வகையில் வேறுபட்டது. சோளமும் சோயாவும் சேர்ந்த அம்மா கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் சுகாதார நிலையங்களின் வழியாக இலவசமாக வழங்கப்பட்டது. செலவு மறைந்துவிடவில்லை, அதை அரசும் உதவி நாடுகளும் ஏற்றன. ஆனால் விளம்பரமும் முகவரின் பங்கும் கடைக்காரனின் வீதமும் அதில் இல்லை. 2022 இன் நெருக்கடியில் தகுந்த சோளம் கிடையாமல் அதன் உற்பத்தி தடைப்பட்டபோது, இலவசப் பொருளுக்கும் ஒரு மூலப்பொருட் சந்தை உண்டு என்ற உண்மை தாய்மாரின் வெறுங்கையில் தெரிந்தது. அதே ஆண்டில் கடைகளில் புரதப் பொடி கிடைத்தது. எவ்விலைக்கு என்பதைக் கீழே காண்போம்.

5

வறிய நாடுகளில் புரதம் விற்க முடியாமற் போன அதே தசாப்தங்களில், செல்வ நாடுகளில் அதற்கு வேறொரு சந்தை உருவாகிக்கொண்டிருந்தது. பென்சில்வேனியாவின் யோர்க் நகரில் பாரந்தூக்கும் கருவிகளை விற்ற பொப் ஹொவ்மன் 1950 களின் தொடக்கத்தில் சோயா மாவிலான புரதப் பொடியைச் சந்தைக்கு விட்டார். எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் சோயா, பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகச் செல்வது. அவருக்கு விளம்பரச் செலவும் பெரிதன்று. உடற்பயிற்சி பற்றிய சஞ்சிகை அவருடையதே. கட்டுரையும் விளம்பரமும் ஒரே கையால் எழுதப்பட்ட அம்முறை இத்தொழிலை விட்டு இன்றுவரை நீங்கவில்லை.

ஆனால் இன்றைய பொடியின் தாய் சோயா அன்று, பாற்கட்டித் தொழில். பத்து லீற்றர் பாலில் ஏறத்தாழ ஒரு கிலோ பாற்கட்டி கிடைக்கும். எஞ்சிய ஒன்பது லீற்றர் இளமஞ்சள் நிறமான நீர். இதனைத் தெளிநீர் என்போம். கடையில் இதன் பெயர் 'வே'. இதில் புரதம் நூற்றுக்கு ஒரு வீதத்திலும் குறைவு, பாற்சீனி ஏறத்தாழ 5 வீதம், பெரும்பகுதி நீரே. நெடுங்காலம் இது பன்றிகளுக்கும் வயல்களுக்கும் ஆறுகளுக்கும் போய்ச்சேர்ந்தது. ஆற்றில் கலந்தால் நீரின் ஒட்சிசனை உறிஞ்சி மீன்களைக் கொல்ல வல்லது. ஐக்கிய அமெரிக்காவில் 1972 இன் நீர்த்தூய்மைச் சட்டம் போன்ற கட்டுப்பாடுகளின் பின், ஆலைக்காரர் தெளிநீரைக் கழிப்பதற்கே பணம் செலவிட வேண்டியதாயிற்று. மூலப்பொருளின் விலை சுழியத்திற்கும் கீழே நின்ற காலம் அது.

அதனைச் சரக்காக்கியது மென்சவ்வு. கலிபோர்னியாவில் சிட்னி லோப், இந்தியரான சிறீநிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் 1960 ஐ ஒட்டிக் கடல்நீரை நன்னீராக்குவதற்கென ஆக்கிய மென்சவ்வின் வழிவந்த நுட்பம், 1970 களில் பாற்கட்டி ஆலைகளுக்குள் புகுந்தது. நீரும் சீனியும் உப்பும் சவ்வைக் கடந்து செல்லப் புரதம் மட்டும் தங்கும். பின் உலர்த்தினால் பொடி. 80 வீதப் புரதமுள்ள ஒரு கிலோ பொடிக்கு 130 லீற்றர் அளவிலான தெளிநீர் வேண்டும். நீரை நீக்குவதே பெருஞ்செலவு. எரிபொருள், சவ்வுகள், அவற்றைக் கழுவும் இரசாயனங்கள், குளிரூட்டல், பெரும் முதலீட்டின் தேய்மானம் என்பன உண்மையான செலவுகள். 'கழிவைத்தானே விற்கிறார்கள்' என்று கூறி இவற்றைத் தள்ளிவிடுவது ஆய்வாகாது. தவிர, கழிவு என்ற நிலையும் என்றோ கடந்துவிட்டது. தேவை பெருகப் பெருகத் தெளிநீர் தேடப்படும் பண்டமாயிற்று. சில ஆலைகளில் பாற்கட்டியின் இலாபத்தையே அது தாங்குகின்றது.

இங்கு ஒரு கணக்கியற் சிக்கல் தோன்றுகின்றது. ஒரே பாலிலிருந்து பாற்கட்டியும் தெளிநீரும் ஒருங்கே வருகின்றன. பாலுக்குக் கொடுத்த விலையில் எவ்வளவு பாற்கட்டிக்கு, எவ்வளவு தெளிநீருக்கு? இணை உற்பத்தியின் செலவை இயற்கை பிரித்துத் தருவதில்லை, கணக்கெழுதுவோன் பிரிக்கின்றான். முழுச் செலவையும் பாற்கட்டியின் மேல் ஏற்றினால் பொடி ஏறத்தாழ இலவசம். விலைகளின் விகிதத்தில் பகிர்ந்தால், பொடியின் விலை ஏறும்போதெல்லாம் அதன் 'செலவும்' ஏறிவிடும். ஆகவே பொடியின் அடக்கவிலை இவ்வளவு என ஒரு கம்பனி கூறும்போது, அது ஒரு பொருளின் இயல்பைக் கூறவில்லை. ஒரு முடிவைக் கூறுகின்றது.

இம்முடிவு பாற்பண்ணையாளனின் வருமானத்தைத் தொடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு முதல், பாற்கட்டிக்குச் செல்லும் பாலின் குறைந்தபட்ச விலையை வகுக்கும் அரச வாய்பாட்டில் உலர்த்திய சாதாரணத் தெளிநீர்ப் பொடியின் சந்தை விலையும் ஓர் உறுப்பு. அவ்விலையிலிருந்து ஆலைக்காரரின் ஆக்கச் செலவாக இறாத்தலுக்கு 19.91 சதம், 2008 இலிருந்து 2025 வரை கழிக்கப்பட்டது. 2025 யூன் முதல் 26.68 சதம். எஞ்சியது பண்ணையாளனின் கணக்கிற்குச் சேரும். ஆனால் வாய்பாடு காண்பது ஏறத்தாழ 12 வீதம் புரதமுள்ள சாதாரணப் பொடியை மட்டுமே. 80 வீதமும் 90 வீதமும் கொண்ட செறிபொடிகள் பெறும் உயர்ந்த விலை அதற்குள் நேராக நுழைவதில்லை. மாட்டை வளர்த்தவனுக்கு மலிந்த பொடியின் விலை. சவ்வை வைத்திருப்பவனுக்குச் செறிந்த பொடியின் விலை.

ஆலையின் வாயிலைக் கடந்தபின் பொடி வேறு உலகிற்குள் புகுகின்றது. சுவையூட்டி, இனிப்பு, பேணி, கரண்டி, நிரப்பும் கூலி ஆகியவை சேர்கின்றன, இவை சிறியன. பெரியன விளம்பரமும் கைமாறும் ஒவ்வோரிடத்திலும் ஏறும் வீதங்களும். ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். வாயில் விலை 100 எனவும், மூன்று கைகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 30 வீதம் ஏற்றுவதாகவும் வைப்பின், வாங்குவோன் கொடுப்பது ஏறத்தாழ 220. வாயில் விலை 150 ஆனால் அவன் கொடுப்பது 330. மூலப்பொருள் 50 கூடியது. அவன் சுமை 110 கூடியது. மூன்று கைகளும் முன்னையதிலும் அதிகமாக எதுவும் செய்யவில்லை. வீதத்தில் இலாபம் கொள்ளும் வழக்கமே அவற்றின் பங்கைத் தானாகப் பெருக்கியது. 2022 இல் சில மாதங்களுக்குள் டொலரொன்று 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவிற்கு ஏறியபோது இலங்கையில் இறக்குமதிப் பேணிகளுக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ள இவ்வெளிய கணக்குப் போதும்.

சனற்றோஜன் வழக்கின் நிழலும் இங்கு தொடர்கின்றது. 1937 இன் சட்டமொன்றால் பல மாநிலங்களில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட விலைக் கட்டாயம் 1975 இல் நீக்கப்பட்டது. 2007 இல் உயர் நீதிமன்றம் அதனை முற்றான தடையிலிருந்து விடுவித்து, ஒவ்வொரு வழக்கிலும் நியாயம் ஆராயப்பட வேண்டும் என்றது. குறித்த விலைக்குக் கீழே விளம்பரம் செய்யலாகாது என வர்த்தக நாமத்தின் உரிமையாளர் கடைகளுக்கு விதிப்பது இன்று இத்தொழிலில் வழக்கமான நடைமுறை. ஓ'டொனெலின் அயலவர்கள் இன்றும் உளர்.

பேணியில் எழுதியது பேணிக்குள் உண்டா என்பது வேறொரு வினா. 1883 இல் கோப்பன்கேகனின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் யொஹான் கெல்டால் வகுத்த முறை புரதத்தை நேராக அளப்பதில்லை. நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்குகின்றது. பார்லியின் தரம் அறிய வகுத்த முறை அது. நேர்மையான மாதிரிக்கு நேர்மையான விடை தரும். ஆனால் விலை நைதரசனில் தங்கியிருக்குமாயின், மலிந்த நைதரசனைத் தேடுவதே இலாபத்தின் வழி. 2008 இல் சீனாவில் நீர் கலந்த பாலில் மெலமீன் சேர்க்கப்பட்டு ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிப்புற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தனர். புரதப் பொடியில் இதன் மென்மையான வடிவம், கிளைசீன் போன்ற மலிந்த அமினோவமிலங்களைக் கலந்து புரதக் கணக்கை உயர்த்துவது; 2014 அளவில் அமெரிக்க நீதிமன்றங்களில் இதுபற்றிப் பல வழக்குகள் எழுந்தன. 1994 இன் சட்டம் இத்தகைய பண்டங்களைச் சந்தைக்கு வருமுன் அரச அங்கீகாரம் பெறும் கடப்பாட்டிலிருந்து விலக்கியிருந்தது என்பதும் மனங்கொளத்தக்கது.

இலாபம் எவ்விடத்தில் தங்குகின்றது என்பதைத் தொழிலினுள் இருப்போர் நன்கறிவர். அயர்லாந்தின் பாற் கூட்டுறவுகளிலிருந்து வளர்ந்த கிளான்பியா கம்பனி பாற்கட்டியும் தெளிநீர்ப் பொடியும் ஆக்கிப் பிறருக்கு விற்று வந்தது. அப்பொடியை வாங்கிப் பேணியில் அடைத்து விற்கும் ஒப்டிமம் நியூற்றிசன் என்ற அமெரிக்க நிறுவனத்தை 2008 இல் 315 மில்லியன் டொலருக்கு அது வாங்கியது; 2011 இல் அத்தகைய இன்னொன்றை 144 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2022 இல், அயர்லாந்துப் பண்ணையாளரின் பாலைக் கொள்வனவு செய்து பதப்படுத்தும் தொழிலில் தன்னிடம் எஞ்சியிருந்த 40 வீதப் பங்கை அக்கூட்டுறவிடமே 307 மில்லியன் யூரோவுக்கு விற்றுவிட்டது. பண்ணையாளர் பாலையும் ஆலைகளையும் பெற்றனர். பேணிகளின் பெயர்கள் கம்பனியிடம் இருக்கின்றன.